நாலாம் கம்பி

ஒரு பாக்கெட்டில் ஆறு கம்பிகள்.
முசிவாந்திலே கவுண்டரிலேயே கிழிப்பான்,
ஐந்தைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
நாலாவதை என் பக்கம் தள்ளுவான்,
இலையோரம் கறிவேப்பிலை ஒதுக்குகிறவனைப் போல.
கூடவே ஒரு முதல் கம்பி, தனியாக, சில்லறைக்கு.

வார்விக் சந்தியில் டாக்ஸிகள் ஆள் கூப்பிடும் இரைச்சலுக்கு எதிரே
என் புருஷன் பெயரில் என் கடை.
மேலே கழுத்து மாட்டித் தொங்குகிறவை:
நைலானில் முணுமுணுக்கும் ஸ்பானியம்,
கல்யாணக் குழுக்கள் தவணையில் எடுக்கும் எலெக்ட்ரிக்,
சுருதி சேர்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்
ஒரு பன்னிரண்டு கம்பி.
அவன் எதையும் தொட்டதில்லை.
அவனுடையது அவனே அடித்தது, ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னில்.
வயிற்றில் இன்னும் பாதிச் சூரியகாந்தி.

மூன்றாம் வருஷம்தான் கேட்டேன்:
நாலாம் கம்பி உனக்கு என்ன பாவம் செய்தது?
'அது தடியன், மாமா.'
(அம்மாவை அவர்கள் மாமா என்பார்கள்.
பதினெட்டு வருஷமாக நான் டர்பனுக்கே மாமா.)

தடியன் இடத்தில் இன்னொரு மெல்லிசை ஏற்றினான்.
முதல் கம்பியை ஒரு படி இறக்கினான்.
கழுத்தின் குறுக்கே பென்சிலை வைத்து
சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுக்கினான்.
பிறகு ஓர் ஓட்டம், மேலிருந்து அடிவரை,
வாசலில் செருப்பை உதறுகிற மாதிரி.
'இசிஹ்லாபோ' என்றான்.
பாட்டு இன்னும் வரவில்லை,
வருகிறவன் யாரென்று விரல் முதலில் சொல்ல வேண்டும்.

கட்டைவிரல் இறங்க, ஆள்காட்டி விரல் ஏற,
ஒரே மாடிப்படியில் இரண்டு பேர்,
தோள் இடிக்கவில்லை.
நடுவில் வாய் பேச ஆரம்பித்தது, மூச்சில்லாமல்:
தன் பெயர், தகப்பன் பெயர், மலை,
எந்த ஆற்றுத் தண்ணீர் குடித்தவன் என்பது.
துகேலா மட்டும் எனக்குப் பிடிபட்டது.
'நீங்கள் எந்த ஆறு?'
நகராட்சிக் குழாய் என்றேன்.
மீட்டர் நம்பரையும் சொன்னேன்.
விரல் நிற்காமலே அதையும் பேச்சில் சேர்த்துவிட்டான்.

நாலாம் கம்பிகள் பிஸ்கட் டின்னில் சேர்ந்தன.
ஒன்றால் பாகற்கொடி கட்டினேன். ஒன்றால் பர்ஃபி அறுத்தேன்.
ஒன்று சாக்கடை அடைப்புக்குள் போனது, திரும்பவில்லை.

அந்த ஜூலை
ஷட்டர் போயிற்று.
கிட்டார்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்களாம்,
தூங்கும் பிள்ளைகளைத் தூக்கிப் போகிற மாதிரி.
என் தம்பி தெருவில் எங்கள் ஆட்கள் கட்டை போட்டு மறித்தார்கள்.
யாரை இறக்கினார்கள், எந்த மூலையில்,
இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கேட்டதில்லை.

எட்டாம் நாள் போனேன்.
கண்ணாடித் தூளின் நடுவே பிஸ்கட் டின்.
திறந்து பார்த்து, ஒழுங்காக மூடியும் வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அவன் வந்தான்.
நான் அவன் கைகளைப் பார்த்தேன்.
அவன் என் கைகளைப் பார்த்தான்.
'கம்பி?'
டின்னைத் தள்ளினேன்.

ஆறு இடத்திலும் ஆறு தடியன்கள்.
பென்சில் இல்லை, என் பேனாவைக் கட்டினான்.
ஓட்டம் ஓடவில்லை.
மாடியில் யாரோ பீரோவை இழுப்பது போல் உறுமியது.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே படியில் முட்டிக்கொண்டன.
'மோசம்' என்றான்.
மோசம்தான் என்றேன்.
ஆனாலும் கழற்றவில்லை.

பேச்சு வர வேண்டிய இடம் வந்தது.
அவன் வாயைத் திறக்கவில்லை.
அதே அடியை மறுபடி, மறுபடி,
என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தான்.
நான் என் மீட்டர் நம்பரைத் தொடங்கினேன்.
நாலாவது எண் ஞாபகம் வரவில்லை.
அவன் காத்திருந்தான்,
கட்டைவிரலை மட்டும் நிறுத்தாமல்.